தலைக்கு விலை, நெஞ்சில் பகை

செர்ஜியோ லியோனி 1965இல் எடுத்த ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ படத்தில் கர்னல் மார்ட்டிமர் என்றொரு வெகுமதி வேட்டைக்காரர் வருகிறார். தலைக்கு விலை வைக்கப்பட்ட கொள்ளையர்களைச் சுட்டு வீழ்த்திப் பணம் வாங்குவது அவர் தொழில். ஆனால் எல் இந்தியோ என்ற கொள்ளைக்காரனை அவர் துரத்துவது பணத்துக்காக அல்ல, தன் தங்கையின் சாவுக்குப் பழிதீர்க்க. கணக்கு முடிந்ததும் வெகுமதி முழுவதையும் கூட்டாளியிடம் விட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விடுகிறார். பழி தூய்மையானது, பணம் அதைத் தீண்டக் கூடாது என்பதே அந்தக் கதையின் அறம். லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லரோடு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கும் அமெரிக்க மேற்கு என்றதும் நினைவில் எழுவது இத்தகைய தனியாள் நீதிதான்.

மேற்கின் உண்மை வரலாற்றில் அப்படியொரு கோடு கிழிக்க முடியாது. அங்கே பணமும் பழியும் ஒன்றையொன்று வளர்த்தன. குற்றவாளியைப் பிடிக்கும் பொறுப்பை அரசு ஏலம் விட்டது. பணம் துரோகத்தை விலைக்கு வாங்கியது. துரோகம் கொலையில் முடிந்தது. கொலைக்கு நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்காதபோது, பழிவாங்க எழுந்தவன் அரசின் பதக்கத்தையே சட்டையில் குத்திக்கொண்டு கிளம்பினான். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் ஊரில், ஏறக்குறைய ஓராண்டுக் காலத்துக்குள் பார்க்க முடியும். அது அரிசோனா பிரதேசத்தின் வெள்ளிச் சுரங்க நகரமான டூம்ஸ்டோன். காலம் 1881 மார்ச் முதல் 1882 ஏப்ரல் வரை.

அரசின் காலிக் கை

அன்றைய அரிசோனா முழு மாநிலம் அல்ல, வாஷிங்டனின் ஆளுகைக்கு உட்பட்ட ஒரு பிரதேசம். பரந்த பாலைநிலம், மெக்சிகோவுடன் காவலற்ற எல்லை, விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள். ராணுவ முகாம்கள் இருந்தன. ஆனால் உள்நாட்டுக் குற்றங்களைத் தடுக்க ராணுவத்தைப் பயன்படுத்துவதை 1878இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. எல்லையின் இருபுறமும் மாடு திருடிய கும்பல்களை அடக்க எஞ்சியிருந்தவர்கள் கவுண்டி ஷெரீபும் மத்திய அரசின் மார்ஷலும்தான்.

இவர்களுடைய வருமானமும் பெரும்பாலும் கட்டணத்தையே நம்பியிருந்தது. வாரண்ட் கொடுத்தால் ஒரு தொகை, கைது செய்தால் ஒரு தொகை, பயணத்துக்கு மைல் கணக்கில் ஒரு தொகை. ஷெரீபுக்கு இன்னொரு வழியும் உண்டு: வரி வசூலிப்பதும் அவர் வேலை என்பதால், வசூலில் ஒரு பங்கு அவருக்குச் சேரும். 1881 பிப்ரவரியில் கொச்சீஸ் கவுண்டி உருவானபோது ஷெரீப் பதவிக்கு அத்தனை போட்டி நிலவியது இதனால்தான். வெள்ளி விளையும் ஊரில் வரி வசூல் லாபம் தரும். பாலைவனத்தில் திருடனைத் துரத்துவது செலவு மட்டுமே வைக்கும். ஒரு ஷெரீப் எந்த வேலையை விரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வெற்றிடத்தில் தனியார் பணம் புகுந்தது. சுரங்கங்களின் வெள்ளியையும் சம்பளப் பணத்தையும் கோச்சு வண்டிகளில் அனுப்பிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் தனக்கெனத் துப்பறிவாளர்களை வைத்திருந்தது. கொள்ளையருக்குத் தானே விலை அறிவித்தது. மிசூரியில் கொள்ளையன் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கு எதிராக ஆளுநர் தாமஸ் கிரிட்டெண்டன் 1881 ஜூலையில் பெருந்தொகை அறிவித்தபோது அந்தப் பணமும் ரயில்வே நிறுவனங்களும் பார்சல் நிறுவனங்களும் தந்ததுதான். ஆளுநர் சொந்த அதிகாரத்தில் அவ்வளவு தர மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. பிணையில் வந்து ஓடிப்போனவர்களைப் பிடிக்கும் வேலையோ முன்னமே தனியார் கைக்குப் போயிருந்தது. பிணை கொடுத்தவர் தப்பியவனைப் பிற மாநிலம் வரை துரத்தலாம், தேவைப்பட்டால் வீட்டுக் கதவை உடைத்தும் பிடிக்கலாம் என்று 1872இன் டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுதிவைத்தது.

3,600 டாலர் ரகசியம்

1881 மார்ச் 15 இரவு, டூம்ஸ்டோனிலிருந்து பென்சனுக்குப் போன கோச்சு வண்டியைக் கொள்ளையர்கள் மறித்தார்கள். வண்டியோட்டி பட் ஃபில்பாட் சுடப்பட்டு விழுந்தார். பீட்டர் ரோரிக் என்ற பயணியும் உயிரிழந்தார். காவலாக வந்த பாப் பால் மிரண்டோடிய குதிரைகளை அடக்கி வண்டியைக் காப்பாற்றியதால் வெள்ளி தப்பியது. தேடுதலில் சிக்கிய லூதர் கிங் என்பவன் பில் லெனர்ட், ஹாரி ஹெட், ஜிம் கிரேன் ஆகிய மூவரின் பெயர்களைச் சொன்னான். பிறகு ஷெரீப் ஜானி பீஹனின் காவலிலிருந்து அவன் தப்பிப் போனான். சட்டத்தின் சார்பில் பல நாள் குதிரையில் அலைந்து தேடிய வெர்ஜில், வையட், மார்கன் என்ற ஏர்ப் சகோதரர்களுக்குக் கவுண்டியின் பணத்திலிருந்து செலவுத் தொகை தர பீஹன் மறுத்தார்.

அந்த மூவரின் தலைக்கும் வெல்ஸ் ஃபார்கோ தலா 1,200 டாலர் வைத்தது, மொத்தம் 3,600. வையட் ஏர்ப் இங்கேதான் ஒரு திட்டம் வகுத்தார். அவருக்கு அடுத்த தேர்தலில் ஷெரீபாக வேண்டும். கொள்ளையரைப் பிடித்தவர் என்ற பெயர் கிடைத்தால் பதவி கைக்கு வரும். எனவே, அந்தக் கொள்ளையரோடு பழக்கமுள்ள பண்ணைக்காரர் ஐக் கிளாண்டனிடம் பேசினார். அவர்களை ஓர் இடத்துக்கு வரவழைத்துக் காட்டிக்கொடுத்தால் வெகுமதி முழுவதும் ஐக்குக்கு. புகழ் மட்டும் வையட்டுக்கு.

ஐக் எழுப்பிய கேள்வியில் அந்த முறையின் உயிர்நாடி இருக்கிறது: அவர்கள் உயிரோடு பிடிபட மாட்டார்கள், பிணமாகக் கொண்டுவந்தாலும் பணம் உண்டா? உள்ளூர் வெல்ஸ் ஃபார்கோ முகவர் மார்ஷல் வில்லியம்ஸ் மூலம் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தந்தி போனது. 1881 ஜூன் 7இல் பதில் வந்தது. உயிரோடாயினும் பிணமாயினும் பணம் உண்டு.

இவ்விவரங்கள் நமக்குத் தெரிவது பின்னால் நடந்த விசாரணையில் வையட் அளித்த வாக்குமூலத்தால். ஐக் அதை மறுத்தார். கோச்சு வழிப்பறியில் ஏர்ப் தரப்புக்கே தொடர்பு இருந்தது, சாட்சிகளை ஒழிக்கவே வையட் தன்னை அணுகினார் என்று எதிர்க்கதை சொன்னார். எது உண்மையானாலும் ஒன்று உறுதி. சட்டத்தின் ஆளும் கொள்ளையரின் நண்பரும் கொலைக்கான விலையைப் பற்றி இரகசியமாகப் பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பணத்தைக் கடைசியில் யாருமே வாங்கவில்லை. லெனர்டும் ஹெட்டும் ஜூன் மாதத்திலேயே நியூ மெக்சிகோவில் வேறொரு தகராறில் மடிந்தார்கள். கிரேன் ஆகஸ்ட் 13இல் எல்லையோரக் குவாடலூப் பள்ளத்தாக்கில் நடந்த பதுங்குத் தாக்குதலில் இறந்தார். ஐக்கின் தந்தையும் அதே இடத்தில் கொல்லப்பட்டார். வெகுமதி காலாவதியானது. இரகசியம் மட்டும் உயிரோடு நின்றது. அது வெளிப்பட்டால் காட்டிக்கொடுத்தவனை அவன் கூட்டத்தாரே விட்டுவைக்க மாட்டார்கள் என்பது ஐக்குக்குத் தெரியும்.

அச்சத்திலிருந்து துப்பாக்கிக்கு

ஒப்பந்தத்தை வையட் தன் நண்பர் டாக் ஹாலிடேயிடம் சொல்லிவிட்டதாக ஐக் நம்பினார். அக்டோபர் 25 இரவு டாக் ஹாலிடேயும் ஐக்கும் ஒரு மதுக்கூடத்தில் வாய்ச்சண்டை போட்டார்கள். ஐக் இரவெல்லாம் குடித்தார். விடிந்தபின் ஏர்ப் சகோதரர்களைக் கொல்வேன் என்று தெருவில் சொல்லித் திரிந்தார். அன்று பிற்பகல், ஓ.கே. கொரல் அருகே இருந்த ஒரு குறுகிய மனையில் சுமார் 30 வினாடி துப்பாக்கிச் சண்டை நடந்தது. நகர மார்ஷல் வெர்ஜில் ஏர்ப், அவர் தம்பிகள் வையட், மார்கன், கூடவே ஹாலிடே ஒரு புறம். மறுபுறத்தில் ஐக்கின் தம்பி பில்லி கிளாண்டன், அவர்களின் பண்ணைக்கார நண்பர்களான டாம் மெக்லவுரி, ஃபிராங்க் மெக்லவுரி ஆகிய மூவரும் இறந்தார்கள். சண்டையைத் தொடங்கிவைத்த ஐக்கிடம் துப்பாக்கி இல்லை; அவர் ஓடித் தப்பினார்.

அமெரிக்கத் திரைப்படங்கள் இந்த 30 வினாடிகளைத்தான் திரும்பத் திரும்ப எடுத்திருக்கின்றன. மார்ச் மாதக் கொள்ளை முதல் அக்டோபர் வரை ஓடிய பணத்தின் பாதையைப் பார்க்காமல் அந்த வினாடிகள் விளங்குவதில்லை. ஊரில் துப்பாக்கி ஏந்தக் கூடாது என்ற நகராட்சி விதி, வணிகர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் இடையே நிலவிய அரசியல் பிளவு, ஷெரீப் பதவிப் போட்டி எல்லாமே காரணங்கள்தாம். ஆயினும் ஐக்கைத் தூங்கவிடாமல் தெருவுக்குத் தள்ளியது, தன் தலைக்கே ஆபத்தாகிவிட்ட ஒரு வெகுமதிப் பேரத்தின் நினைவு.

நீதிமன்றம் கைவிட்டபின்

ஐக் கொலை வழக்குத் தொடுத்தார். நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் ஏறக்குறைய ஒரு மாதம் சாட்சிகளைக் கேட்டு, ஏர்ப் சகோதரர்களை விசாரணைக்கு அனுப்பப் போதிய ஆதாரம் இல்லை என்று நவம்பர் இறுதியில் தீர்ப்பளித்தார். தம்பியை இழந்த கிளாண்டன் தரப்புக்கு அதோடு சட்டத்தின் மீதிருந்த நம்பிக்கை முறிந்தது. டிசம்பர் 28 இரவு, தெருவைக் கடந்த வெர்ஜிலை மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். உயிர் பிழைத்தாலும் அவர் இடக்கை செயலிழந்தது. சுட்டவர்கள் பதுங்கியிருந்த கட்டடத்தில் ஐக்கின் தொப்பி கிடந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்ததாக நண்பர்கள் சாட்சி சொன்னார்கள். ஐக் விடுதலையானார். இப்போது நம்பிக்கை இழப்பது ஏர்ப் குடும்பத்தின் முறை.

1882 மார்ச் 18 இரவு, பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கனை, பின்கதவுக் கண்ணாடி வழியே பாய்ந்த குண்டு முதுகில் துளைத்தது. வையட் அங்கேயே இருந்தார். தம்பி அவர் கண்முன்னே ஒரு மணி நேரத்துக்குள் இறந்தார். மறுநாள் வையட்டின் 34ஆம் பிறந்தநாள்.

மார்கனின் உடல் கலிஃபோர்னியாவில் இருந்த பெற்றோரிடம் ரயிலில் போனது. காயமுற்ற வெர்ஜிலை மார்ச் 20இல் வழியனுப்ப வையட் டூசான் ரயில் நிலையம் வரை போனார். மார்கன் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபிராங்க் ஸ்டில்வெல் அங்கே தென்பட்டான். அவன் ஒரு காலத்தில் பீஹனின் துணை ஷெரீப். மறுநாள் காலை தண்டவாளத்தருகே குண்டுகளால் துளைக்கப்பட்ட அவன் உடல் கிடந்தது. மார்ச் 22இல் டிரகூன் மலையின் விறகு முகாமில், அதே கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஃபுளோரன்டினோ குரூஸ் கொல்லப்பட்டான். மார்ச் 24இல் வெட்ஸ்டோன் மலையருகே அயர்ன் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்கரையில் நடந்த மோதலில் மாடு திருடும் கும்பலின் முதன்மை ஆள் கர்லி பில் ப்ரோஷியஸை வையட் சுட்டு வீழ்த்தினார்.

இத்தனையும் நடந்தபோது வையட் அமெரிக்கத் துணை மார்ஷல். கூட வந்தவர்கள் அரசு முறைப்படி சேர்க்கப்பட்ட தேடுதல் படையினர். ஸ்டில்வெல் கொலைக்காக வையட் மீதே டூசானில் வாரண்ட் பிறந்தது. அதை நிறைவேற்றக் கிளம்பிய ஷெரீப் பீஹனின் படையில் மாடு திருடும் கும்பலைச் சேர்ந்த ஜானி ரிங்கோவும் ஐக்கின் சகோதரர் ஃபின் கிளாண்டனும் இருந்தார்கள். ஒரே பாலைவனத்தில் இரண்டு சட்டபூர்வப் படைகள், இரண்டிலும் பகைவர்கள், இரண்டின் சட்டைப்பையிலும் வாரண்ட். சட்டமும் குடும்பப் பகையும் எங்கே பிரிகின்றன என்று எந்த நீதிபதியாலும் சொல்லியிருக்க முடியாது.

பழிக்குச் சம்பளம் கொடுத்தவர்கள்

குதிரைக்கும் தோட்டாவுக்கும் ஆட்களுக்கும் பணம் வேண்டும். அரிசோனாவில் மத்திய அரசின் மார்ஷலான கிராலி டேக் அரசிடம் நிதி கேட்டுச் சலித்து, 1882 ஜனவரி இறுதியில் வெல்ஸ் ஃபார்கோவிடம் 3,000 டாலர் கடன் வாங்கினார். ஒரு நாட்டின் மத்திய அரசு தன் சட்டத்தை நிலைநாட்டத் தனியார் நிறுவனத்திடம் கடன் வாங்கிய இந்தச் செய்தியைவிட அந்தக் காலத்தைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. சுரங்க அதிபர்களும் வையட் படைக்குப் பணம் அனுப்பினார்கள். பெரும் பண்ணைக்காரர் ஹென்றி ஹூக்கர் தன் சியரா போனிட்டா பண்ணையில் அவர்களுக்கு உணவும் குதிரைகளும் தந்தார். மாடுகளை இழந்தவர்களுக்கும் வெள்ளியை இழந்தவர்களுக்கும் வையட்டின் துயரம் பயன்பட்டது. ஒருவரின் தனிப் பகை, பலரின் சொத்துப் பாதுகாப்பாகச் செலவுக் கணக்கில் ஏறியது.

கர்லி பில் செத்தானா இல்லையா என்ற சர்ச்சையும் விலை பேசியே தீர்க்கப் பார்க்கப்பட்டது. பண்ணைக்காரர் தரப்பு நாளிதழான ‘நக்கெட்’ அவன் இறந்ததற்கு ஆதாரம் தருவோருக்கு 1,000 டாலர் என்றது. ஏர்ப் தரப்பு ‘எபிடாஃப்’ அவன் உயிரோடு வந்து நின்றால் 2,000 டாலர் என்றது. இரண்டு தொகைகளையும் வாங்க யாரும் வரவில்லை.

ஏப்ரலில் வையட் அரிசோனாவை விட்டு வெளியேறிக் கொலராடோ போய்ச் சேர்ந்தார். அங்கே பிடிபட்ட ஹாலிடேயை அரிசோனாவிடம் ஒப்படைக்க ஆளுநர் பிட்கின் மறுத்தார். வையட் இந்தப் பழிவாங்கல் கொலைகளுக்காக எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படாமல் 1929 வரை வாழ்ந்தார். அரிசோனாவில் ஒழுங்கு திரும்பாவிட்டால் ராணுவச் சட்டம் வரும் என்று 1882 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தர் பிரகடனம் வெளியிட்டார். ஓராண்டு தனியார் பணத்தில் நடந்த நீதி, கடைசியில் ராணுவத்தை அழைக்கும் நிலைக்குத்தான் கொண்டுவிட்டது. ஐக் கிளாண்டனோ 1887இல் மாட்டுத் திருட்டு வழக்கில் தன்னைப் பிடிக்க வந்த பிரைட்டன் என்ற துப்பறிவாளரின் குண்டுக்கு இரையானார்.

விலையின் வாசகம்

வெகுமதி முறையெல்லாம் ஒன்றே என்று சொல்வது தவறாகும். எதற்குப் பணம் என்பது ஒவ்வொரு முறையும் விளைவை மாற்றியது.

மிகக் கொடிய வடிவம், மனித உடலுக்கு விலை வைத்த சட்டம். மெக்சிகோவின் சிவாவா மாநிலம் 1849இல் ஓர் அப்பாச்சி வீரனைக் கொன்றதற்கு 200 பேசோ என்று நிர்ணயித்தது. அத்தாட்சி உச்சந்தலைத் தோல். ஜான் கிளான்டன் (ஐக் கிளாண்டன் குடும்பத்தோடு தொடர்பில்லாதவர்) என்ற அமெரிக்கரின் கும்பல் இத்தொழிலில் இறங்கி, அமைதியாக வாழ்ந்த பழங்குடியினரையும் மெக்சிகோ உழவர்களையும்கூடக் கொன்று தோலை விற்றது. தோலைப் பார்த்து அது யாருடையது என்று சொல்ல முடியாதல்லவா? அடுத்த ஆண்டு யூமா ஆற்றுத்துறையில் க்வெச்சான் மக்கள் கிளான்டனைக் கொன்று கணக்கைத் தீர்த்தார்கள். 1851இல் சொனோரா மாநிலப் படையினர் ஜானோஸ் அருகே ஒரு முகாமைத் தாக்கித் தாயையும் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் கொன்றதால் எழுந்த அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவின் பகை 1886 செப்டம்பரில் அவர் சரணடையும் வரை அணையவில்லை. மேற்கின் மிக நீண்ட பழிவாங்கல் கதை அவருடையது. அதைத் திரைப்படங்கள் பழிவாங்கல் என்று அழைக்காமல் காட்டுமிராண்டித்தனம் என்று அழைத்தன.

அடுத்து, துரோகத்துக்குத் தந்த விலை. மிசூரியின் அறிவிப்பு, கூட்டாளியான பாப் ஃபோர்டைத் தூண்டியது. 1882 ஏப்ரல் 3இல் அவர் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பின்னாலிருந்து சுட்டார். ஃபோர்டு சகோதரர்கள் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தூக்குத் தண்டனை பெற்றார்கள். ஆளுநர் உடனே மன்னித்துவிட்டார். கிடைத்தது அறிவித்த தொகையில் ஒரு சிறு பங்கு. அண்ணன் சார்லி 1884இல் தற்கொலை செய்துகொண்டார். பாப் 1892இல் கொலராடோவின் கிரீட் ஊரில் சுடப்பட்டு மாண்டார்.

நியூ மெக்சிகோ ஆளுநர் லூ வாலஸ், தேடப்பட்ட குற்றவாளி பில்லி த கிட்டைப் பிடித்து ஒப்படைப்பவருக்கு 500 டாலர் என்றார். ஷெரீப் பாட் காரெட் 1881 ஜூலை 14 நள்ளிரவில் ஓர் இருட்டறையில் அவனைச் சுட்டுக் கொன்றார். அறிவிப்பு பிடித்து ஒப்படைக்கவே சொன்னது என்பதால் பணம் தாமதமானது. பிறகு சட்டமன்றமே தனிச் சட்டம் இயற்றிக் கொடுத்தது. எழுதியது உயிருக்கு, கொடுத்தது சாவுக்கு.

இவற்றுக்கு எதிரே நிற்பவர் பாஸ் ரீவ்ஸ். அடிமையாகப் பிறந்த இந்தக் கறுப்பின மனிதர் 1875 முதல் 1907 வரை செவ்விந்தியர் பிரதேசத்தில் துணை மார்ஷலாக இருந்தார். அவருக்கும் கட்டணம்தான் வருமானம். ஆனால் அது நீதிபதி ஐசக் பார்க்கரின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்துக்குக் கைதியை உயிரோடு கொண்டுவந்ததற்கான கட்டணம். வழியில் கைதி இறந்தால் பணம் போகும். உறவினர் இல்லாவிட்டால் புதைக்கும் செலவும் துணை மார்ஷல் தலையில் விழும். ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்த ரீவ்ஸ், மனைவியைக் கொன்ற தன் சொந்த மகன் மீதான வாரண்டையும் தானே வாங்கிப் போய் அவனைப் பிடித்துவந்தார். குருதி உறவு எந்தப் பக்கம் இழுத்தாலும் நீதிமன்றத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்ற அவருடைய உறுதிக்கு அவர் குணமே முதற்காரணம். ஆனால் அந்தக் குணத்தைத் தண்டிக்காத விதியும் அவருக்கு வாய்த்திருந்தது.

இந்த ஒப்பீடே என் வாதத்தின் மையம். மேற்கின் மனிதர்கள் பிறவியிலேயே பழிவெறி கொண்டவர்கள் அல்ல. வையட்டும் ஐக்கும் முதலில் போனது நீதிமன்றத்துக்குத்தான். சாட்சிகள் அணி பிரிந்து நின்றார்கள், ஷெரீப் வருமானத்தைப் பார்த்தார், மார்ஷலிடம் காசில்லை. பிணத்துக்கும் உயிருள்ள கைதிக்கும் ஒரே விலை என்று தந்தி சொன்னபோதே, விசாரணை என்ற ஒன்று தேவையில்லை என்று பணம் தீர்ப்பெழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பைத்தான் வையட் ஒன்பது மாதங்கள் கழித்துத் தன் தம்பிக்காக நிறைவேற்றினார்.

டெய்லர் எதிர் டெய்ன்டர் தீர்ப்பு தந்த அதிகாரம் இன்றும் அமெரிக்காவில் பிணை முகவர்களின் ஆட்களிடம் இருக்கிறது. லாபத்துக்குப் பிணை விற்கும் தொழிலை இலினாய், கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின் முதலிய மாநிலங்கள் ஒழித்துவிட்டன. மற்றவற்றில் அது தொடர்கிறது. தனியாள் பழியைத் திரையில் கொண்டாடும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவன் துப்பாக்கியை எடுக்கும் முன் எந்த நீதிமன்றம் அவனைக் கைவிட்டது, யார் பணத்தில் அவன் குதிரை ஓடியது? இதைக் கேட்கத் தொடங்கினால் நாயகனின் நிமிர்ந்த தோளைத் தாண்டி, அவனை அந்த இடத்துக்குத் தள்ளிய அரசைப் பார்க்க முடியும். குற்றவாளியைப் பிடிப்பதும் காப்பதும் விசாரிப்பதும் அரசு தன் சொந்தக் காசில் செய்ய வேண்டிய கடமை. அதை ஏலம் விட்ட சமூகம், பழிவாங்குபவனுக்கும் சேர்த்தே கூலி கொடுக்கிறது.